பருந்து உங்கள் கைக்கு வருவது பாசத்தால் அல்ல

மரத்திலிருந்து விழுந்த கரும்பருந்துக் குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் சென்று, எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டுமே கொடுத்துப் பல வாரங்கள் வளர்த்துவிட்டு, "ரெண்டு நாளா நிக்க மாட்டேங்குது டாக்டர்" என்று அட்டைப்பெட்டியில் கொண்டுவருகிறார்கள். இந்தக் கோடையிலும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. எக்ஸ்ரேயில் இரு கால்களும் வில்லாய் வளைந்திருந்தன. சிறகெலும்பு மடிந்து முறிந்திருந்தது. எலும்பு எது, சுற்றியுள்ள தசை எது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு எலும்பின் நிழல் வெளிறியிருந்தது. கொண்டுவந்த இளைஞர் பறவையிடம் அக்கறையில்லாதவர் அல்லர். தினமும் கறிக்கடைக்குப் போய் நல்ல நெஞ்சுக்கறியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். கேடு அந்த நெஞ்சுக்கறியில்தான் இருந்தது.

வேட்டைப்பறவை வெறும் சதையை உண்டு வளர்வதில்லை. எலியோ ஓணானோ கிடைத்தால் எலும்பு, ஈரல், தோல் என முழு உடலும் அதற்கு உணவு. தனிக்கறியில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15 முதல் 20 பங்கு வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கோ கால்சியம்தான் பாஸ்பரசை விடக் கூடுதலாக வேண்டும். அந்தப் பற்றாக்குறையை உடல் தன் எலும்பிலிருந்தே ஈடுகட்டிக்கொள்கிறது. வளைந்து இறுகிவிட்ட எலும்பை நிமிர்த்த என்னிடம் மருந்து இல்லை.

இதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். "ஆனால் அது என்மேல் உயிரையே வைத்திருக்கிறது, என் குரலைக் கேட்டால் கத்துகிறது, கைநீட்டினால் வந்து உட்கார்கிறது" என்னும் நம்பிக்கையை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வல்லூறுகளைக் கையில் ஏந்தி நிற்பவர்களின் வீடியோக்களைப் பார்த்து, தாங்களும் அதையே செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். என் பொறுமையைச் சோதிப்பது இந்த ஒன்றுதான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கத்தல். கூட்டில் இருக்கும் குஞ்சு பெற்றோரிடம் இரை கேட்டு எழுப்பும் ஒலி அது. காட்டில் குஞ்சு வளர்ந்து தானே இரை தேடத் தொடங்கும்போது, பெற்றோர் ஊட்டுவதும் நிற்கும், குஞ்சு கத்துவதும் நிற்கும். கண் திறந்த நாள் முதல் மனிதக் கையால் ஊட்டப்பட்ட குஞ்சோ மனிதனையே தன் இனமாக மனத்தில் பதித்துக்கொள்வதால், வளர்ந்த பிறகும் கத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் "என்னோடு பேசுகிறது" என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். இப்படிப்பட்ட பறவையைத் திறந்துவிட்டால் அது காட்டுக்குப் போவதில்லை. யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இறங்கி, துணி காயப்போடும் பெண்ணின் தலையையோ விளையாடும் குழந்தையின் முகத்தையோ நோக்கி இரை கேட்டுப் பாயும். அடுத்து அதன்மேல் கல் விழும்.

இனி அந்த வல்லூறுக்காரர்கள். வேட்டைப்பறவையைப் பழக்கி அதைக்கொண்டு வேட்டையாடும் அவர்கள் கலை, 2010இல் 11 நாடுகளின் சார்பில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே 1999இல் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இக்கலையில் தேர்ந்தவர் பறவையைத் தினமும் தராசில் நிறுத்து, எத்தனை கிராமில் அது பசியோடு கைக்குத் திரும்பும், எத்தனை கிராமுக்குக் கீழே போனால் சோர்ந்து விழும் என்பதைக் கணக்கிட்டுத்தான் பறக்கவிடுவார். வயிறு நிறைந்த வல்லூறு திரும்பிக்கூடப் பார்க்காது. பறவைக்கும் அவருக்கும் இடையில் இருப்பது பழக்கமும் இரையும் நம்பிக்கையும் கலந்த ஓர் ஏற்பாடு. பாசம் போதுமென்றால், பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள்கூடப் பறவையின் உடலில் ஏன் ரேடியோ டிரான்ஸ்மிட்டரைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள்? அமெரிக்காவில் இதைக் கற்க விரும்புபவர் எழுத்துத் தேர்வில் 80 விழுக்காடு பெற வேண்டும், பறவையை வைக்கப்போகும் இடத்தை அதிகாரிகளுக்குக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், குறைந்தது 2 ஆண்டுகள் மூத்தவர் ஒருவரின் கீழ் பயில வேண்டும். (கரும்பருந்து அவர்கள் விரும்பிப் பழக்கும் பறவையும் அன்று.)

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்து, வல்லூறு, கூகை எதையும் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அன்போடு வளர்த்தேன் என்பது அங்கே செல்லாது.

கீழே கிடக்கும் குஞ்சைக் கண்டால், முதலில் அண்ணாந்து பாருங்கள். பறக்கப் பழகும் பருவத்தில் குஞ்சுகள் கிளைவிட்டுக் கிளை தாவித் தரைக்கும் வந்துவிடும். பெற்றோர் அருகிலிருந்தே ஊட்டும். காயமில்லையென்றால் நாய், பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு, தள்ளி நின்று கவனியுங்கள். காயமிருந்தால், தடித்த துண்டை மேலே போர்த்தி, இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். அலகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆபத்து நகத்தில். நகத்தால் உங்கள் கையைப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க பிடி இறுகும். பறவையின் காலை மெல்ல நேராக நீட்டினால் விரல்கள் தளரும். கிளிக்கூண்டில் அடைக்காதீர்கள், கம்பியில் மோதி ஒடியும் சிறகிறகுகள் அடுத்த இறகுதிர்ப்பு வரை முளைக்காது. தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குப் போகிறது. பாலும் பிரெட்டும் வேண்டவே வேண்டாம். வனத்துறைக்கோ அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் வளர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டத்துக்குப் பயந்து இரவோடிரவாக ஏரிக்கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்; வேட்டையாடத் தெரியாத பறவை சில நாட்களில் பட்டினியால் செத்துவிடும். வனத்துறையிடம் சொல்லி ஒப்படையுங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் மறைத்தாலும் எக்ஸ்ரே சொல்லிவிடும். அதற்குள் வீணாகும் ஒரு நாள்தான் பறவைக்கு நட்டம்.