மரபணு இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லையா?

"பூஞ்சைக்கொல்லிதானே அடித்தேன், அது பூச்சியை என்ன செய்யும்?" பூச்சியியல் ஆலோசகராக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். இந்த முறை கேட்டவர் ஒரு பழத்தோட்டக்காரர். மரங்கள் பூத்திருந்த நேரத்தில், டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லியையும் ஒரு பூச்சிக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலந்து தெளித்திருக்கிறார். அதன்பின் அருகிலிருந்த தேனீப் பெட்டிகளின் வாசலெல்லாம் செத்த தேனீக்கள். அவர் விவரம் தெரியாதவர் அல்லர். "இந்த மருந்து, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்பு வகைப் பொருளான ஸ்டீராலின் உற்பத்தியைத் தடுப்பது. பூச்சிகளுக்கு அந்த மரபணுவே கிடையாதே" என்றார். அவர் படித்திருந்தது சரி. அதை வைத்து எடுத்த முடிவுதான் தவறு.

பூச்சிகளால் ஸ்டீராலைத் தாமாக உருவாக்க முடியாது. ஈப்புழுக்களுக்கு உணவில் கொலஸ்ட்ரால் தேவை என்று ஹாப்சன் என்ற ஆய்வாளர் 1935இலேயே காட்டினார். பூச்சிகள் அதைத் தயாரிப்பதில்லை என்பதை 1959இல் கிளார்க்கும் பிளாக்கும் உறுதிப்படுத்தினார்கள். பரிணாமத்தில் மிகப் பழைய இழப்பு இது. உணவிலேயே ஸ்டீரால் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததால், அந்த மரபணுக்கள் பழுதானபோது இயற்கைத் தேர்வு அவற்றைக் காப்பாற்றவில்லை. ஸ்டீராலை உருவாக்கும் நொதிகளான ஸ்குவாலீன் சிந்தேஸ் போயிற்று, சிஒய்பி51 போயிற்று. ஸ்டீரால் தயாரிப்புப் பாதையின் முற்பகுதி மட்டும் நிலைத்தது, ஏனென்றால் பூச்சியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இளமை ஹார்மோனைத் தயாரிக்க அது வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. மரபணுவை இழந்துவிட்டது என்றால் அந்தப் பொருளே தேவையில்லை என்று பொருளாகுமா? நம் உடலால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அதனால் நமக்கு அது வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? செல் சவ்வு நிற்பதற்கும் ஸ்டீரால் வேண்டும், தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோனுக்கும் அதுதான் மூலப்பொருள். தயாரிக்கும் திறன் போனபிறகு பூச்சி முழுக்க முழுக்க உணவை நம்பியே வாழ்கிறது. நெல்லைத் தாக்கும் புகையானோ, தன் உடலுக்குள் வாழும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிரியை நம்பியிருக்கிறது. இலை தின்னும் புழுக்கள் பல, தாவர ஸ்டீராலின் பக்கச்சங்கிலியை வெட்டிக் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்ளும். தேனீக்கு அதுவும் முடியாது. மகரந்தத்தில் கிடைக்கும் 24-மெத்திலீன் கொலஸ்ட்ரால்தான் அதற்கு உயிர்நாடி.

இனி அந்தப் பூஞ்சைக்கொல்லிக்கு வருவோம். பூஞ்சையில் அது பிடிப்பது சிஒய்பி51 என்ற நொதியை. அந்த நொதி பி450 என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பம் முழுவதற்கும் மையத்தில் ஹீம் என்ற அமைப்பில் பொதிந்த இரும்பு உண்டு, டிரையசோல் ஒட்டிக்கொள்வது அந்த இரும்பில்தான். தேனீயிடம் சிஒய்பி51 இல்லை, சரி. ஆனால் நஞ்சை முறிக்கும் பி450 நொதிகள் இருக்கின்றனவே! பழ ஈ, கொசு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் தேனீயின் மரபணுத் தொகுதியில் பி450 மரபணுக்கள் குறைவு, 46 மட்டுமே. அவற்றில் முக்கியமானவற்றை முடக்கிவிட்டு மேலே பூச்சிக்கொல்லியையும் தெளித்தால் அது எப்படிப் பிழைக்கும்?

2004இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், புரோபிகோனசோல் என்ற டிரையசோல் பூஞ்சைக்கொல்லி சேர்ந்தபோது, தேனீக்களுக்குப் பூச்சிக்கொல்லிகளான தையாகுளோப்ரிடின் நச்சுத்தன்மை 559 மடங்கும் அசிட்டாமிப்ரிடின் நச்சுத்தன்மை 105 மடங்கும் கூடியது. இமிடாகுளோப்ரிட் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லியில் அது இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. (இதைப் படித்துவிட்டு இமிடாகுளோப்ரிடுக்கு மாறிவிடாதீர்கள். அது தனியாகவே தேனீக்குக் கடும் நஞ்சு.) தனித்தனியே ஓரளவு பாதுகாப்பானவை என்று பெயரெடுத்த இரண்டு மருந்துகள், சேர்ந்தால் அப்படி இருப்பதில்லை.

ஆகவே, பூத்திருக்கும் பயிரில் இவற்றைக் கலந்து தெளிக்காதீர்கள். வேலை மிச்சம், டீசல் மிச்சம் என்ற காரணமெல்லாம் வேண்டாம். பூஞ்சைக்கொல்லி தவிர்க்கவே முடியாது என்றால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, மாலையில், அதை மட்டும் தெளியுங்கள். பூக்களில் தங்கும் எச்சம் மறுநாளும் இருக்கும் என்பதால், அடுத்த தெளிப்பையும் யோசித்தே திட்டமிடுங்கள். பெட்டி வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தேனீ வளர்ப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சர்க்கரைப் பாகில் ஸ்டீரால் துளியும் இல்லை. மகரந்தம் வராத காலத்தில் பாகை மட்டும் ஊற்றிவிட்டு, அடையில் புழு வளரவில்லையே என்று கவலைப்படுவதில் பயனில்லை. செவிலித் தேனீக்கள் தம் உடலில் சேமித்த ஸ்டீராலைத்தான் புழுக்களுக்கு ஊட்டுகின்றன, அந்த இருப்பு நிரம்ப மகரந்தம் வேண்டும். தேவையான ஸ்டீரால்களை உருவாக்கும்படி மாற்றப்பட்ட ஈஸ்டை உணவில் சேர்த்தபோது கூடுகளில் புழு வளர்ப்பு பெருகியதாக 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. அது சந்தைக்கு வரும்வரை பலவகைப் பூக்கள் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் பெட்டியை வையுங்கள். திடீரெனத் தேனீக்கள் செத்தால், பெட்டி வாசலைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். செத்தவற்றை அன்றே உறையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். அருகில் தெளித்த எல்லா மருந்துகளின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்து.