செல்லே இல்லாத குழியில் ஊதா நிறம்

"இந்தச் செடியின் சாறு புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று ஆய்வகத்தில் நிரூபித்துவிட்டார்களே, அப்புறம் ஏன் மாத்திரையாக வரவில்லை? மருந்துக் கம்பெனிகள் அமுக்கிவிடுகின்றனவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கம்பெனிகளின் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், அந்த 'நிரூபித்தல்' எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் அது ஒரு நிறத்தை அளப்பதுதான்.

இலையைக் காயவைத்து, பொடித்து, எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டுவார்கள். கரைப்பானை ஆவியாக்கினால் கரும்பச்சையாக ஒரு பிசின் மிஞ்சும். அதற்குள் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பிளேட்டில் 96 குழிகள், குழிக்குச் சில ஆயிரம் செல்கள். சாற்றை வெவ்வேறு அளவில் ஊற்றி, 37 டிகிரியில் ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். இதுவரை எல்லாம் பள்ளிக்கூட வேதியியல்தான்.

இப்போது, எந்தக் குழியில் எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுண்ணோக்கியில் எண்ணினால் கண் போய்விடும். 1983-இல் டிம் மோஸ்மன் என்ற ஆய்வாளர் இதற்கொரு வழி சொன்னார். எம்டிடி என்ற மஞ்சள் உப்பைக் கரைத்து எல்லாக் குழிகளிலும் விட வேண்டும். உயிருள்ள செல் சர்க்கரையை உடைத்து எரிக்கும்போது எலக்ட்ரான்களைப் பிடுங்கி, என்ஏடிஎச் போன்ற மூலக்கூறுகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். செல்லின் நொதிகள் அந்த எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை எம்டிடிக்குக் கொடுத்துவிடுகின்றன. வாங்கிய மாத்திரத்தில், நான்கு நைட்ரஜன் அணுக்கள் கொண்ட எம்டிடியின் வளையம் திறந்துகொள்கிறது, மஞ்சள் ஊதாவாகிறது. புதிதாகப் பிறந்த அந்த ஊதாப் பொருளுக்கு ஃபார்மசான் என்று பெயர், அது நீரில் கரையாது. அதனால் உருவான இடத்திலேயே படிகமாக ஒதுங்கிவிடும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் மேல் ஊதா ஊசிகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆய்வகத்தில் கண்ணுக்கு விருந்தான காட்சிகள் குறைவு. இது அவற்றில் ஒன்று. அந்த ஊசிகளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கருவியில் படிப்பார்கள். ஊதா அடர்ந்திருந்தால் செல்கள் நலம். மஞ்சளாகவே கிடந்தால் செத்துவிட்டன. எளிமையான, மலிவான, அழகான சோதனை.

ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்தது யார் என்று எம்டிடி விசாரிப்பதில்லை. செடிச் சாற்றில் என்ன இருக்கிறது? குவெர்செட்டின் போன்ற பாலிஃபீனால்கள், வைட்டமின் சி. 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று விளம்பரங்கள் கொண்டாடும் பொருட்களின் தொழிலே எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுப்பதுதான். ஆகவே ஒரு செல்கூட இல்லாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் ஊற்றிப் பாருங்கள், அதுவும் ஊதாவாகும். செத்த செல்கள் கிடக்கும் குழியும் அப்படியே. கருவி என்னவோ ஒழுங்காகத்தான் படிக்கும். படித்த எண்ணை வைத்துக்கொண்டு, 'சாறு செல்களைக் காக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். பரீட்சை எழுதிய பையனே விடைத்தாளையும் திருத்தினால் மதிப்பெண்ணுக்கு என்ன குறை?

இதற்கு நேர் எதிரான தவறும் அதே பிளேட்டில் நடக்கும். எனக்கு இதுதான் இன்னும் சுவாரசியம். பச்சைத் தேயிலையின் இஜிசிஜி என்ற பாலிஃபீனாலை, செல் வளர்க்கும் சத்துக் கரைசலான ஊடகத்தில் ஊற்றினால், அது செல்லைத் தொடும் முன்பே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்குகிறது. கையிலிருக்கும் எலக்ட்ரானை ஊடகத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. விளைவு, ஹைட்ரஜன் பெராக்சைடு. அதுதான் செல்களைக் கொல்கிறது. பாரி ஹாலிவெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000-இல் இதைக் காட்டினார்கள். செல்லே இல்லாத வெறும் ஊடகத்திலும் பெராக்சைடு பெருகியது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று பெயர் வாங்கிய பொருள், அங்கே அதை நடத்தி வைக்கிறது! இது உங்கள் சோதனையிலும் நடக்கிறதா என்று அறிய, கேட்டலேஸ் நொதியைக் கொஞ்சம் சேர்த்தால் போதும். அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். சேர்த்த பிறகு செல்கள் பிழைத்துக்கொண்டால், கொலைக்கு அந்தப் பொருளின் நேரடித் திறமை காரணமில்லை. நம் சிவப்பணுக்களிலோ கேட்டலேஸ் கொட்டிக் கிடக்கிறது. தவிர, திசுக்களில் ஆக்சிஜன் அளவு பிளேட்டில் இருப்பதைவிட மிகக் குறைவு. பிளேட்டில் நடந்த கொலை உடலுக்குள் நடக்க வாய்ப்பு மங்கல்தான்.

இரண்டுக்கும் பரிகாரம் சுலபம். செல் இல்லாத குழிகளில் ஒரு வரிசை, கேட்டலேஸ் சேர்த்து ஒரு வரிசை, எம்டிடி விடும் முன் சாற்றைக் கழுவி எடுத்தல். பக்கத்திலேயே நோயில்லாத சாதாரண செல்களையும் வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எதையும் கொல்லும் விஷத்துக்குப் புற்றுநோய் மருந்து என்று பெயரில்லை. ஆனாலும் இந்த வரிசைகள் இல்லாத கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கட்டுரைகளை எண்ணிப் பதவி கொடுத்தால் வேறென்ன நடக்கும்? நூறு செடிகளுக்கு நூறு குட்டி மானியங்கள் கொடுத்து எல்லாவற்றையும் பிளேட்டோடு நிறுத்துவதைவிட, ஒரே செடியைப் பத்தாண்டு துரத்த ஒரு குழுவுக்குப் பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பிளேட் உண்மையே சொன்னாலும் உடல் வேறு உலகம். மஞ்சளின் குர்குமின் நீரில் கரைய மறுக்கும், குடலிலிருந்து ரத்தத்துக்குள் சரியாக ஏறாது, தானே ஒளிர்ந்து கருவிகளையும் குழப்பும். 120-க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளுக்குப் பிறகும், போலிமருந்தோடு ஒப்பிட்டு முறையாக நடத்திய எதிலும் அது தேறவில்லை என்று 2017-இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு சொன்னது.

ரத்தத்தில் பார்க்கும் நோய்க்குறியீடுகளும் ஏமாற்றும். காய்கறிகளில் இருக்கும் பீட்டா கரோட்டின் ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்தது. அப்படியானால் மாத்திரையாகக் கொடுத்து அளவை ஏற்றலாமே? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ரத்தத்தில் அளவு ஏறத்தான் செய்தது. காய்கறியில் கிடைப்பது, இயற்கையானது, ஆகவே கெடுதி செய்யாது என்ற நம்பிக்கையைச் சகுனம் பார்ப்பதோடு சேர்த்துத்தான் நான் வைப்பேன்.

இனி, கம்பெனிகள் அமுக்கிவிடுகின்றன என்ற அந்தச் சதி. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் நித்தியகல்யாணி இலையைச் சோதித்தார்கள். ஜமைக்காவில் நீரிழிவுக்கு அதைக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் தொடங்கினார்கள். எலிகளின் ரத்தச் சர்க்கரை அசையவே இல்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் தொற்று வந்து செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. தேடிய குறியீட்டை விட்டுவிட்டு, சரிந்த குறியீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சாற்றைப் பிரித்துப் பிரித்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளை அறிவித்தார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் கட்டப்படாமல் அது தடுக்கிறது. வெள்ளணுப் புற்று போன்ற வேகமாகப் பெருகும் செல்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. அதே செடியின் வின்கிறிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மற்ற மருந்துகளோடு அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் உலர்ந்த இலை வேண்டும். கம்பெனிகள் இந்த மருந்துகளை அமுக்கவில்லை, விற்றன. இலையை நம்பிக் காலம் தள்ள முடியாதென்று, 2022-இல் ஒரு குழு வின்பிளாஸ்டினின் இரண்டு மூலப் பாதிகளையும் ஈஸ்டுக்குள்ளேயே தயாரிக்க வைத்துவிட்டது.