வசந்தவால் அல்ல, தெறிவாலி

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் விவசாயிகளுக்கான பயிற்சி ஒன்றில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். ‘பூச்சிமருந்துகளால் மண்ணிலுள்ள வசந்தவால்கள் அழிகின்றன’ என்பது முதல் வரி. முன்வரிசைப் பெரியவர் எழுந்து, “இந்த வசந்தவால் பங்குனியில் வருமா, சித்திரையில் வருமா அம்மணி?” என்று கேட்டார். விளக்க வந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மொழிபெயர்த்த மகராசன் அங்கே இல்லை. இந்தச் சொல்லை நான் பார்ப்பது மூன்றாம் முறை. இனியும் பொறுக்க முடியாது.

மண்ணில் வாழும் இந்தச் சிற்றுயிருக்கு ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்று பெயர். அந்த ஸ்பிரிங் பருவம் அல்ல. சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கிறதே, அது. அறிவியலில் கொலம்போலா என்பார்கள். கிரேக்கத்தில் பசை, முளைக்குச்சி என்ற பொருளுள்ள இரண்டு சொற்களைச் சேர்த்து 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அறிஞர் ஜான் லப்பக் வைத்த பெயர். வயிற்றடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், ஒட்டிக்கொள்ள உதவுவது என்ற எண்ணத்தில் வந்தது. ஆனால் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதுதான் அந்தக் குழாயின் பெரிய வேலை. குருணையோ தெளிப்போ விதை நேர்த்தியோ, நஞ்சு எந்த வழியில் வந்தாலும் மண்ணீரில் கரைந்துவிட்டால் இந்தக் குழாய் வழியாகவும் உடம்புக்குள் போய்விடும்.

பெரியவரை வெளியே அழைத்துப்போய், வாழைச்சருகு மூடாக்கின் அடிப்பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். எள்ளில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள்; சருகில் படர்ந்த பூஞ்சையை மேய்ந்துகொண்டிருந்தன. விரலை அருகே கொண்டுபோனதும் ஒன்று காணாமல் போனது. வயிற்றுக்கடியில் கவட்டை போன்ற வாலை மடக்கிக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கும். கொக்கி விட்டதும் வால் தரையை அறையும், ஆள் அங்கே இருக்காது. “காய்ந்த ஆமணக்கு தெறிப்பது போல அல்லவா போகிறது” என்றார் பெரியவர். சொல் அங்கேயே பிறந்துவிட்டது: தெறிவாலி. வெடித்துச் சிதறினாலும் தெறிப்பது, வில்லின் நாணைச் சுண்டினாலும் தெறிப்பது. இந்த வால் இரண்டையும் செய்கிறது. வாலி என்றால் கிஷ்கிந்தை நினைவு வருகிறது என்பவர்கள் தெறிவால் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

தமிழாசிரியரான நண்பர் ஒருவர் ‘மண்தெள்ளு’ என்கிறார். தெள்ளும் குதிக்கிறது, இதுவும் குதிக்கிறது, மக்கள் வாயில் புழங்கும் சொல் என்பது அவர் வாதம். வசந்தவாலையாவது சிரித்துவிட்டுத் தள்ளலாம். இது சிரிக்கும் காரியம் அல்ல. தெள்ளு நாயின் மேல் இருந்து இரத்தம் குடிப்பது. தெறிவாலி யாரையும் கடிப்பதில்லை. மட்கும் இலையையும் பூஞ்சையையும் தின்று மண்ணுக்குச் சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. சோதித்துப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் மூடாக்கைக் காட்டி, “இது மண்தெள்ளுங்க அண்ணா” என்றேன். அடுத்த நொடி அவர் கேட்டது: “டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்?” ‘பூச்சி’ என்று சேர்த்தாலும் இதே கதிதான். இன்றைய வகைப்பாட்டில் ஆறு கால் இருந்தும் இதைப் பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை என்பது வேறு விஷயம். மண்புழுவுக்கு ‘உழவனின் நண்பன்’ என்ற பட்டம் கிடைத்ததால் அது பிழைத்தது. பெயர் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

தாளின் முதல் வரியில் இருந்த அந்த ‘அழிகின்றன’வும் அரைகுறைதான். டிடிடி போட்ட நிலங்களில் தெறிவாலிகள் பெருகியதும் உண்டு. அவற்றை வேட்டையாடித் தின்னும் சிலந்திப்பேன்கள் முதலில் செத்ததே காரணம்.

தாளின் தலையாய பிழை வாலில் இல்லை, ‘மருந்து’ என்பதில் இருக்கிறது. நாமும் வாய் கூசாமல் மருந்தடித்தேன், குருணை மருந்து போட்டேன் என்கிறோம். அந்தக் குருணைகளில் ஒன்றான போரேட், மண்டையோடும் சிவப்பு முக்கோணமும் போட்டு விற்றது. 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை. தடை செய்த பிறகும் நம் வாயில் அது மருந்தாகவே இருக்கிறது. பூச்சிக்கொல்லி என்று நேராகச் சொன்னால், கொல்லுமே என்ற அச்சமாவது கை நீளும்போது வரும்.

இவ்வளவையும் எழுதித் தாளை அச்சிட்டவர்களுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குறையை ஏற்றுக்கொள்கிறார்களாம். வசந்தம் வடசொல் என்பதால், அடுத்த பதிப்பில் ‘இளவேனில்வால்’ என்று மாற்றிவிடுகிறார்களாம்.