2008 செப்டம்பருக்குள்ள பிஎஃப் பென்ஷன்ல ஒரு பங்க விட்டுக்கொடுத்து மொத்தமா காசு வாங்கினவங்க (கம்யூட் பண்ணவங்க), பாஸ்புக்க ஒருதடவ எடுத்துப் பாருங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல லேபர் லா கன்சல்டன்டா இருக்கேன், நவம்பர் வந்தா ஆயுள் சான்றுக்காக பெரியவங்க நிறைய வருவாங்க. போனதடவ முதுநகர்லேர்ந்து ஒரு ஐயா வந்தாரு, சிப்காட் கம்பெனியில வேலை பார்த்து 2005ல ரிட்டயர் ஆனவரு. கைரேகை வச்சு முடிச்சதும் மஞ்சப்பையிலேர்ந்து பாஸ்புக்க எடுத்து, "தம்பி, மாசம் 800 வந்துட்டிருந்துச்சு, கொரோனா வருஷத்துலேர்ந்து 1,200 வருது, யாரோ காசு எனக்குத் தப்பா வருது, திருப்பிக் கேட்டா என்ன பண்றதுன்னு அந்த 400அ நான் தொடவே இல்ல"ன்னாரு. எனக்கு நெஞ்ச அடைச்சுருச்சு.

அது அவரோட காசுதாங்க. பிஎஃப்போட சேர்ந்த இபிஎஸ் (தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்) 1995 நவம்பர் 16லதான் வந்துச்சு, ஆரம்பத்துல ரிட்டயர் ஆனவங்களுக்கு புது திட்டத்துல சர்வீஸே கொஞ்சம், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 5,000, 2001லேர்ந்து 6,500 வரைக்கும்தான் கணக்குல எடுப்பாங்க, அதுக்கு முந்தின 1971 குடும்ப பென்ஷன் காலத்துக்கு ஒரு நிலையான சின்னத் தொகைதான், அதனால பென்ஷனே ரொம்பக் கம்மி. அதுலயும் மூணுல ஒரு பங்க விட்டுக்கொடுத்தா அதப்போல 100 மடங்கு மொத்தமா தருவாங்க, அதுக்குப் பேருதான் கம்யூட்டேஷன். இவரு பொண்ணு கல்யாணத்துக்காக 1,200ல 400அ விட்டுட்டு 40,000 வாங்கிருக்காரு. 100 மாசத்துலயே அந்தக் காசு கழிஞ்சுரும், ஆனா பிடிப்பு மட்டும் நிக்காம போய்ட்டே இருந்துச்சு, அது ரொம்ப அநியாயம்னு நான் அப்பவும் சொல்லிட்டிருந்தேன்.

2008 செப்டம்பர்ல இந்த வசதிய எடுத்துட்டாங்க. அப்புறம் 2020 பிப்ரவரியில, 2008 செப்டம்பர் 25க்குள்ள கம்யூட் பண்ணவங்களுக்கு 15 வருஷம் முடிஞ்சா முழு பென்ஷன திரும்பக் கொடுக்கணும்னு மத்திய அரசு அறிவிப்பு வந்துச்சு, சுமார் 6.3 லட்சம் பேருக்குப் பலன்னு சொன்னாங்க. கணக்குப் போட்டா கடைசியா கம்யூட் பண்ணவங்களுக்கே 2023 செப்டம்பரோட 15 வருஷம் முடிஞ்சுபோச்சு, அதனால இப்ப எல்லாருக்குமே முழுத்தொகை வந்தாகணும்.

வீட்ல 80 வயசுல அப்பா இருந்தா அவரோட பிபிஓவ (பென்ஷன் கொடுக்கச் சொல்லி பிஎஃப் ஆபீஸ் தர்ற உத்தரவு) எடுங்க, கம்யூட் பண்ணதுக்கு முன்னாடி எவ்வளவு பென்ஷன்னு அதுல இருக்கும், பாஸ்புக்ல இப்ப வர்ற தொகையோட வச்சுப் பாருங்க. குறைஞ்சிருந்தா பிபிஓ ஜெராக்ஸோட பிஎஃப் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, மாசம் 27ஆம் தேதி மாவட்டத்துல நடக்குற குறைதீர் முகாம்லயும் கொடுக்கலாம். ஆயுள் சான்றும் கொடுத்த நாள்லேர்ந்து ஒரு வருஷம் செல்லும், நவம்பர் கூட்டத்துல நிக்கணும்னு அவசியமே இல்ல.

ஐயா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் என் ஆபீஸ்லயே உக்காந்து கூட ரிட்டயர் ஆன பாண்டிச்சேரிக்காரருக்குப் போன் போட்டாரு. அவருக்கும் எதுவும் தெரியல, பிபிஓவ எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன்.