நான்கு ரூபாய்ப் பங்கு மலிவான பங்குதானா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பாம்பன், மண்டபம் பகுதி விசைப்படகு உரிமையாளர்கள் பலர் வருமான வரிக் கணக்குக்காக என் தணிக்கை அலுவலகத்துக்கு வருவார்கள். சில ஆண்டுகளாக, வங்கிப் புத்தகத்தோடும் டீசல் ரசீதுகளோடும், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கின் அறிக்கையும் சேர்ந்து வருகிறது. அதில் இருக்கும் பங்குகளை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "மதிப்பைவிடக் குறைந்த விலையில் கிடைத்தது" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்த மதிப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற அடுத்த கேள்விக்குப் பதில் வருவதில்லை.

பாம்பனைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஒரு சிறு நிறுவனத்தின் 20,000 பங்குகளை 4 ரூபாய் வீதம் வாங்கியிருந்தார். "நாலு ரூவாதான் தம்பி, இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது? பி.இ.யும் நாலுன்னுதான் காட்டுது" என்றார். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பங்குச்சந்தையின் இணையதளத்திலிருந்து இறக்கி, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து படித்தோம். மொத்தப் பங்குகள் 12 கோடி. ஆகவே சந்தை மதிப்பு 48 கோடி ரூபாய். நிகர லாபம் 12 கோடி. சந்தை மதிப்பு ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் பி.இ. விகிதம் 4 என்பது கணக்குப்படி சரிதான். ஆனால், லாப நட்டக் கணக்கின் குறிப்புகளைப் புரட்டியபோது, அந்த 12 கோடியில் 9 கோடி ஒரு காலிமனையை விற்றதால் வந்தது என்பது தெரிந்தது. மனையை மறுபடி விற்க முடியாது. தொழிலில் ஈட்டிய லாபம் 3 கோடி மட்டுமே என்றால், அவர் கொடுத்த விலை லாபத்தைப் போல 4 மடங்கு அன்று, 16 மடங்கு. பணப்புழக்க அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த பணம் மூன்று ஆண்டுகளாக எதிர்மறையாக இருந்தது, அதாவது வந்ததைவிடப் போனதே அதிகம். விற்ற சரக்குக்கு வரவேண்டிய பாக்கியோ ஆண்டுக்காண்டு ஏறியிருந்தது. பங்கு உரிமை விவரத்தில், நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர்கள் தம் பங்குகளில் பெரும்பகுதியை அடகு வைத்திருந்ததும் இருந்தது.

இவை எதுவும் மறைக்கப்பட்ட தகவல் அன்று. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும், தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. படிப்பவர்கள்தாம் குறைவு. நண்டு ஏலத்தில் அதே பெரியவர், கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அடிவயிற்றை விரலால் அழுத்தி, சதை கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் விலை கேட்கவே மாட்டார். நிலவு காலத்து நண்டு பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் உள்ளே சதை இருக்காது என்பதை அவர்தாம் எனக்குச் சொன்னார்.

அப்படியானால் தனி முதலீட்டாளரால் மலிவான பங்கைக் கண்டுபிடிக்க முடியுமா? அறிஞர்களே இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. கிடைக்கும் தகவல் அனைத்தும் விலையில் ஏறிவிடுகிறது என்ற யூஜின் ஃபாமாவும், விலைகள் நியாயமான அளவைத் தாண்டி ஊசலாடுகின்றன என்ற ராபர்ட் ஷில்லரும் 2013-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நடைமுறையில் நான் கண்டவரை, பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை ஃபாமா சொல்வதே பொருந்துகிறது. நூற்றுக்கணக்கான நிபுணர்கள் அன்றாடம் அலசும் ஒரு பங்கில் நாம் மட்டும் பார்த்த விலைத் தவறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை. எவரும் கவனிக்காத சிறு நிறுவனங்களில் விலை தவறியிருக்கக்கூடும். ஆனால், விலையைச் செயற்கையாக ஏற்றி விற்றுவிட்டுப் போகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பல மடங்காகப் பெருகும் என்று சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் வரும் 'அடுத்த மல்டிபேக்கர்' எல்லாம் அந்த வகைப் பங்குகளாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

கணக்கைப் படிப்பதும் முழுப் பாதுகாப்பு அன்று என்பதை ஒரு தணிக்கையாளராக நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று அதன் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொள்ளும்வரை, அந்தக் கணக்குகள் தணிக்கை முடிந்த கணக்குகளாகவே இருந்தன.

ஆயினும், பெரிய ஃபண்டுகளுக்கு இல்லாத ஒரு வசதி தனிநபருக்கு உண்டு. தாம் அறிந்த தொழிலை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் காலாண்டிலும் யாருக்கும் பதில் சொல்லாமல் காத்திருக்கலாம். தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், நோயால் குளங்கள் காலியான ஓர் ஆண்டில் ஒரு தீவன நிறுவனத்தின் பங்கு சரிந்தபோது வாங்கினார். அடுத்த பருவத்துக்குக் குஞ்சு விடப்படுவதையும், தீவன முகவர்கள் கடனை வசூலித்துவிட்டதையும் அவர் நேரில் பார்த்திருந்தார். நிறுவனத்துக்குப் பெரிய கடன் இல்லை என்பதை ஆண்டறிக்கையில் உறுதி செய்துகொண்டார். மூன்று ஆண்டுகள் பொறுத்த பிறகே நல்ல லாபம் தெரிந்தது. அப்படிப்பட்டவரும், நம் இறாலை அதிகம் வாங்கும் அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தும் என்பதைக் குளக்கரையில் நின்று ஊகிக்க முடியவில்லை. அந்தப் பங்கில் அவர் போட்டிருந்தது சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் பண்ணை வேலை தடைபடவில்லை.

எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்வது என் பணி அன்று. பாம்பன் பெரியவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இந்தப் பங்கை இந்த விலைக்கு உங்களிடம் விற்றவர் ஏன் விற்றார் என்பதற்கு ஒரு காரணம் எழுதுங்கள், எழுத முடியாவிட்டால் அடுத்த முறை அந்தப் பணத்தை, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள் என்றேன். ஆண்டறிக்கையில் வரவேண்டிய பாக்கி எழுதியிருந்த பக்கத்தை மட்டும் அச்செடுத்துத் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.