11 என்ற எண் சொல்லாதது

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் மனைவியின் வற்புறுத்தலால் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளை வேறோர் இடத்தில் நிரப்பிக் கையில் வைத்திருந்தார். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அவருக்கு 11. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'மனச்சோர்வு' என்று எழுதித் தந்திருந்தார்கள்.

ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பேசினோம். தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 3. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர் அவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். நள்ளிரவு தாண்டியதும் எழுந்திருப்பது அவருடைய தொழில். அதற்காக அந்த ஆறு மதிப்பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிட முடியாது. வேலையில்லாத மழை நாட்களில் தூக்கம் எப்படி என்று கேட்க வேண்டும். கேட்டேன். நன்றாகத் தூங்குகிறார். மீதியில் 2 மனவாட்டத்துக்கு. 'குடும்பத்தைக் கைவிட்டுவிட்டேன் என்று தோன்றுகிறதா' என்ற வகைக் கேள்விக்கு 3. மகளின் நர்சிங் படிப்புக்கு வாங்கிய கடன் அங்கேதான் இருந்தது. அந்த 3-ஐப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

இந்த வினாத்தாள் யாரை உட்காரவைத்து விரிவாகப் பேச வேண்டும் என்று காட்டும் சல்லடை மட்டுமே. அதை வைத்து நோயின் பெயரை எழுதிக் கொடுப்பது அறமாகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இந்த வினாத்தாளை வைத்து ஆய்வு செய்யும் மாணவர்களும் விடை எழுதுகிறவரின் சூழலைக் கவனிக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் உண்டு. கிழக்குக் கரையில், சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வினாத்தாளோ 'கடந்த இரண்டு வாரங்களில்' என்று கேட்கிறது. மே மாதத்தில் இரண்டு கரைகளிலும் விடைகளை வாங்கி ஒப்பிட்டால், வருமானம் நின்றுபோனவர்களையும் கடலுக்குப் போய்வருகிறவர்களையும் ஒப்பிட்டதாகத்தான் முடியும். 'கிழக்குக் கரையில் மனச்சோர்வு அதிகம்' என்று எழுதிவிட்டால் அந்த வாக்கியம் எங்கெல்லாம் மேற்கோளாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்பதாவது கேள்வி தனி. செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது அது. மொத்தம் நான்கே வந்திருந்தாலும் அங்கே 1 இருந்தால், அவர் எழுந்து போவதற்கு முன்பே பேசியாக வேண்டும். தாள்களை வாங்கி அடுக்கிவைத்து, அடுத்த வாரம் கணினியில் ஏற்றும்போது அதைப் பார்ப்பது பெரும் தவறு. இரவு பகல் எந்நேரமும் பேச அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. அதை விடை எழுதுகிற எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

இனி, அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது? நம் ஊர்களில் பங்குத்தந்தை கேட்பார், தாய்மாமன் கேட்பார், பள்ளியிலிருந்து அழைப்பு வரும். பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் ஒரு பெண்ணின் மதிப்பெண் வெளியே போனால் என்ன ஆகும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே, பேனாவைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு சொன்னால் அது ஏமாற்று.

ஆலோசனைக்கு வந்தவரின் தாளை ஆய்வுக்கு எடுப்பதானால் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையிடமும் கேட்க வேண்டும். 'முடியாது' என்று சொன்னாலும் ஆலோசனை வழக்கம்போல் தொடரும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அச்சிட்ட படிவத்தில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.