படத்தைக் காட்டி நாற்காலி செய்யச் சொல்லாதீர்கள்

இந்த மாதம் மறுபடியும் ஒரு நாற்காலி உடைந்தது. வளைவான பின்கால் இரண்டாக முறிந்து, உட்கார்ந்திருந்த பெரியவருக்கு இடுப்பில் நல்ல அடி. வியன்னா காபிக்கடை நாற்காலியின் படத்தைக் காட்டிச் செய்து வாங்கியிருக்கிறார்கள். செய்தவரோ வளைவைப் பலகையில் வரைந்து ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டார். அப்புறம் எப்படி நிற்கும்?

உருவம் ஒத்து வந்துவிட்டால் டிசைனும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த நினைப்பு போகவில்லை. படத்தில் தெரிவது முடிவு மட்டும். அந்த வளைவு ஏன் அப்படி வந்தது என்பது படத்தில் இருக்காது.

அந்த வியன்னா நாற்காலி, மரச்சாமான் செய்பவரான மைக்கேல் தோனெட் 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான். பீச் மரக் கழியை நீராவியில் பதப்படுத்தி, அச்சில் வைத்து வளைத்தார்கள். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டுப் பிளக்கும் என்பதால் அந்தப் பக்கம் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டினார்கள். இதனால் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், அறுபடாமல் வளைவோடு கூடவே போகிறது. அவ்வளவு மெல்லிய கால் ஒரு ஆளைத் தாங்குவது அதனால்தான். மொத்தமே ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட். பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும். அழகைவிட எனக்கு இன்றும் மலைப்பாக இருப்பது அந்தப் பெட்டிதான்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்காக, காலில் காயம்பட்டவர்களுக்கு வளைத்த பிளைவுட்டில் சிம்பு (காலை அசையாமல் பிடிக்கும் கட்டை) செய்தார்கள். அந்தக் கைப்பழக்கத்தில்தான் போருக்குப் பிறகு அவர்களுடைய பிளைவுட் நாற்காலிகள் பிறந்தன. இருக்கையையும் முதுகையும் ஒரே தகடாக வளைத்தால் விரிசல் விட்டது, அதனால் இரண்டையும் பிரித்தார்கள். இன்று அதை ஸ்டைல் என்று நகலெடுக்கிறோம்.

படம் பிடித்திருக்கிறதா, சரி, கொண்டு போங்கள். ஆனால் "இதை எப்படி வளைப்பீர்கள்?" என்று தச்சரிடம் முதலில் கேளுங்கள். அறுத்தெடுப்பேன் என்றால் நேர்க்கால் வைத்த வேறு வடிவம் கேளுங்கள். யார் உட்காரப் போகிறார்கள், என்ன எடை என்று சொல்லுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்க் காலைப் பாருங்கள். ரேகை வளைவுக்குக் குறுக்கே ஓடினால் வாங்காதீர்கள். அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அதை ஓரமாக எடுத்து வையுங்கள், யாரையும் அதில் உட்கார வைக்காதீர்கள்.